ஜிப்சியின் பின் ஆக்சில்: செமி ஃப்ளோட்டிங்கா, ஃபுல் ஃப்ளோட்டிங்கா?

என் மாருதி ஜிப்சி ஜீப் வாரம் முழுக்கக் கோவைக்கும் பொள்ளாச்சிக்குமாக ஓடும். மாதத்தில் ஒரு நாள் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் சுற்றும். 2.1 கிலோமீட்டர் டிராக்கில் ஜிப்சிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, ஆசைதான். அந்த ஆசைதான் பின் ஆக்சிலில், அதாவது பின்சக்கர அச்சில், கைவைக்கவும் வைத்தது.

கம்பெனி கொடுத்தது செமி ஃப்ளோட்டிங். சக்கரம் நேராக ஆக்சில் ஷாஃப்டின் முனையில் உட்கார்ந்திருக்கும். சக்கரத்தைச் சுற்றுவதும் வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அதே ஷாஃப்ட்தான். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஹவுசிங் (ஷாஃப்டை மூடியிருக்கும் குழாய்) முனையில் சுற்றாத ஒரு ஸ்பிண்டில், அதன்மேல் இரண்டு பேரிங், பேரிங்மேல் சக்கரம் மாட்டும் ஹப். பாரம் ஹவுசிங்குக்குப் போய்விடும், ஷாஃப்டுக்குச் சுற்றும் வேலை மட்டுமே. லாரியின் பின்சக்கர நடுவில் வட்டமாக போல்ட் துருத்திக்கொண்டிருக்குமே, அது இதுதான். ஜிப்சியின் முன் ஹப்பும் ஸ்பிண்டில் மேல்தான் சுற்றுகிறது. என் மாற்றமும் முன்பக்கத்து ஸ்பிண்டில், ஹப்பை வைத்துத்தான், மிச்சம் லேத் வேலை.

எடை, விலை இரண்டிலும் செமிதான் ஜெயிக்கும். எனக்கு ஆன செலவில் பழைய ஆக்சிலை ஏழெட்டு முறை ஓவர்ஹால் செய்திருக்கலாம். பலத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். 1.3 லிட்டர் இன்ஜினை வைத்துக்கொண்டு நான் இதுவரை ஒரு ஷாஃப்டையும் உடைத்ததில்லை. உடைந்தால் வித்தியாசம் தெரியும் என்பது உண்மை. செமியில் சக்கரப் பக்க விளிம்பருகே உடைந்தால் சக்கரமே பிரேக் டிரம்மோடு கழன்று போகும். மற்றதில் உடைந்த துண்டை உருவிவிட்டு, ஃபோர் வீலைப் போட்டு முன்சக்கர இழுவையிலேயே வீடு வந்து சேரலாம்.

என்னைத் தள்ளியது பிரேக். செமியை வைத்துக்கொண்டே பின்னால் டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் மாட்டினேன். டிராக்கில் வேகமாக வளைவெடுத்தால் ஷாஃப்ட் மயிரிழை வளையும், அதோடு டிஸ்க்கும் சாய்ந்து பிரேக் பேடுகளை, அவற்றை அழுத்தும் கேலிப்பருக்குள் தள்ளிவிடும். அடுத்த வளைவுக்கு முன் பெடலை மிதித்தால் முதல் மிதி சும்மா உள்ளே போகும், இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கும். ரோட்டில் ஒரு நாள்கூட இது தெரியவில்லை. ஃபுல் ஃப்ளோட்டிங் போட்ட பிறகு அந்த முதல் மிதி அநேகமாக நின்றுவிட்டது.

ஆனால் இன்றைக்கு யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது பராமரிப்பைத்தான். செமியில் பேரிங் ஊளையிட ஆரம்பித்தால் ஷாஃப்டை உருவி, பிடித்திருக்கும் ரிங்கைக் கிரைண்டரில் வெட்டி, பேரிங்கைப் பிரஸ்ஸில் தள்ளி, புதியதைப் பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். பிரஸ் இருக்கும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் முடியாது. அதற்குள் சீல் போயிருந்தால் கியர் ஆயில் பிரேக்கை நனைத்திருக்கும். டிராக்கில் ஓட்டும் வண்டிக்கு இது ரோட்டு வண்டியைவிடச் சீக்கிரமே வரும். எனக்கு ஒரே வருஷத்தில் இரண்டு முறை வந்தது.

ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட், லாக் நட், ஹப் என்று வீட்டு வாசலிலேயே கழற்றலாம். பேரிங்கைக் கழுவி, கிரீஸ் அடைத்து, மறுபடி மாட்டிவிடலாம். நட்டை இறுக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் முறை நானே இறுக்கினேன். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆழியாறில் நிறுத்தி ஹப்பைத் தொட்டால் கை வெந்தது. அப்புறம் சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இறுக்கினா மட்டும் போதுங்களா? சுத்திக்கிட்டே இறுக்கோணும், அப்புறம் கொஞ்சம் தளத்தோணும்" என்றார். ஒரு கையால் ஹப்பைச் சுற்றிக்கொண்டே மறுகையால் இறுக்கினார், பிறகு கொஞ்சம் தளர்த்தி விட்டார். டயரை மாட்டி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. பத்தே நிமிஷம். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய ஆள் இருக்கிறார்கள். என் ஜிப்சிக்கு இந்த ஊர்க் கைராசிதான் பெரிய உதிரி பாகம்.

குறைகளும் உண்டு. டிரம்மை எடுத்தபோது ஹேண்ட் பிரேக்கும் போனது, கேபிள் மாட்டும் வசதியுள்ள கேலிப்பராகத் தேட வேண்டியிருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆகவே இன்சூரன்ஸ்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். இந்த செட்டப் எட்டு மாதம்தான் ஓடியிருக்கிறது, பார்த்தது ஒரே ஒரு மழைக்காலம். ஹப் சீல் சேற்றுத் தண்ணீரை எத்தனை வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல அது போதாது.

மச்சானிடமும் ஒரு ஜிப்சி இருக்கிறது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வரும் வண்டி. அவரும் இதையே போடலாமா என்று கேட்டார். "உங்களுக்கு எதுக்குங்க மச்சான், பேரிங்கும் சீலும் புதுசாப் போட்டுக்கங்க" என்று சொல்லி, என்னிடம் சும்மா கிடந்த பழைய ஷாஃப்ட் இரண்டையும் அவர் வண்டியிலேயே ஏற்றிவிட்டேன்.