என் மகன் போகும் பகல்நேர மையம்: குடியாத்தத்திலிருந்து ஒரு மதிப்புரை

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பகல்நேர மையம் இது. குடியாத்தம் வட்டாரத்தில் ஒரு சிறு அறக்கட்டளை நடத்துகிறது. பெயரை எழுதவில்லை. கீழே சொல்லப்போகும் சம்பவத்தில் ஒரு குழந்தையும் ஓர் ஊழியரும் இருக்கிறார்கள்; அவர்களை யாரும் தேடிப் போக வேண்டாம்.

வசதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை ஒன்பதரை முதல் மாலை மூன்றரை வரை நடக்கிறது. மதியம் சாம்பார் சாதமும் முட்டையும் தருகிறார்கள். சிறப்பாசிரியர்கள் பொறுமைசாலிகள். என் மகன் இப்போது தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்கிறான். தையல் கடை நடத்தும் எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

நான் எழுத வந்தது நிர்வாகி அம்மாவைப் பற்றி. ஒரு நாள் மாலை பெற்றோர் எல்லோருக்கும் அவரே போன் செய்து, மறுநாள் காலை வரச் சொன்னார். பீடி சுற்றும் தாய்மார்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். "நேற்று சாப்பாட்டு நேரத்தில் நம் ஊழியர் ஒருவர் ஒரு குழந்தையை அடித்துவிட்டார். அந்தக் குழந்தையின் வீட்டில் முதலில் சொல்லிவிட்டேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கும் தெரிய வேண்டும்" என்றார். குழந்தையின் பெயரைக் கேட்டவர்களுக்கு அவர் சொல்லவில்லை. அந்த ஊழியரை அன்றே பிள்ளைகளின் பக்கம் வராத வேலைக்கு மாற்றி, விசாரணைக் குழுவில் பெற்றோர் இருவரைச் சேர்த்தார். ஊழியர் தரப்பையும் கேட்டார்கள். ஒரே ஆள் பதினைந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. "அந்த வேலைப் பங்கீடு என்னுடையது, தவறில் எனக்கும் பங்கு உண்டு" என்று அறிக்கையில் நிர்வாகி கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சாப்பாட்டு நேரத்துக்குக் கூடுதலாக ஓர் ஆள் வந்தார். அடித்த செய்தி வெளியே தெரிந்தால் நன்கொடை நின்றுவிடும் என்று அறங்காவலர் ஒருவர் தடுத்துப் பார்த்தாராம். அதையும் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள், நாங்கள் படிக்கலாம்.

இதற்கு முன் என் மகன் வேறோர் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் வாயெல்லாம் சோறு ஒட்டிச் சாப்பிடும் படத்தை எங்களைக் கேட்காமல் நன்கொடைத் துண்டறிக்கையில் அச்சிட்டார்கள். கேட்டபோது, "இலவசமாகத்தானே பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. இலவசம் என்றால் பிள்ளையின் மானமும் அதில் சேர்ந்துவிடுமா? எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த மையத்துக்கு ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் நாற்காலிகள் தர முன்வந்து, பிள்ளைகள் பதாகை பிடித்து நிற்கும் படம் கேட்டது. நாற்காலிகளைப் படமெடுத்து ரசீதோடு அனுப்புகிறோம் என்று நிர்வாகி சொல்லிவிட்டார். நாற்காலிகள் வந்தன.

கணக்குப் பலகை வாசலிலேயே தமிழில் தொங்குகிறது. டீசல், அரிசி, வாடகை, ஊழியர் சம்பளம், நிர்வாகியின் சம்பளம் எல்லாம் இருக்கும். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன் 50 வரை அனுமதி இருந்தது. எது நிர்வாகச் செலவு, எது பிள்ளைகளுக்கான செலவு என்று பிரித்து எழுதியிருப்பதால் என்னைப் போன்றவர்களுக்கும் புரிகிறது.

குறைகளும் உண்டு. கட்டடம் ஓர் அறங்காவலரின் உறவினருடையது. பலகையில் அதை எழுதியிருக்கிறார்கள் என்பது நல்லதுதான், ஆனால் வாடகையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். அறங்காவலர் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லை. இது வேலூர் மாவட்டம். 1954-இல் விபத்தில் நடக்கும் திறனை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவத்தைக் கட்டியெழுப்பிய மண். இங்கே அந்த இடம் காலியாக இருப்பது எனக்கு வருத்தம். கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

அதைவிடப் பெரிய கவலை, எல்லா முடிவும் அந்த ஒரு அம்மாவிடமே போய் நிற்கிறது. அவர் காய்ச்சலில் படுத்த வாரம் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போடக்கூட ஆளில்லை. அடுத்தவரைப் பழக்கி வைக்காத தலைமை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பிள்ளைகளுக்குப் போதாது. என் மகனுக்கு இந்த மையம் அவருடைய காலத்துக்குப் பிறகும் தேவைப்படும். பதினெட்டு வயதானதும் அவனுக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்க 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் நாங்கள் மனுக் கொடுக்கிறோமே, அதுபோல மையத்துக்கும் ஒரு வாரிசை இப்போதே அடையாளம் காட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலோடு போங்கள். வேன் ஊருக்குள் எல்லாத் தெருவுக்கும் வராது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று விடுமுறை. புகைப்பட அனுமதிப் படிவம் தருவார்கள். அதில் 'வேண்டாம்' என்று எழுதினாலும் சேர்க்கையில் எந்தச் சிக்கலும் இல்லை, நான் அப்படித்தான் எழுதினேன்.