பயணத்தில் கண்ட இடங்களின் படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம்: ஒரு மதிப்பீடு

பயணத்தில் எதிர்பாராமல் ஓர் அருவியையோ விசித்திரமான பாறையையோ கண்டு படமெடுத்தவர், அதைப் பிறருக்குக் காட்ட விரும்புவது இயல்பு. அதற்கான தளங்களுக்கும் இன்று குறைவில்லை. ஆனால் படத்தைப் பார்ப்பவர் மனத்தில் எழும் எளிய கேள்விகளுக்கு அவற்றில் பெரும்பாலானவை விடை தருவதில்லை. இது எந்த இடம், எங்கே நின்று எடுத்தது, ஆண்டு முழுவதும் இப்படித்தான் இருக்குமா, பத்து ஆண்டுகள் கழித்துத் தேடினாலும் இந்தப் படம் கிடைக்குமா? இந்தக் கேள்விகளை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், இடங்களின் படங்களைப் பகிர்வதற்கு மிகவும் தகுந்தது, எவரும் படங்களை ஏற்றிப் பகிரக்கூடிய இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகமே (Wikimedia Commons) என்பது என் முடிவு. ஆனால் அதில் சேர்பவர் சிலவற்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கிறது.

2004 செப்டம்பர் 7 அன்று தொடங்கப்பட்ட பொதுவகத்தை, விக்கிப்பீடியாவை நடத்தும் அதே இலாப நோக்கற்ற அறக்கட்டளை நடத்துகிறது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அதில் சேர்ந்துள்ளன. நீடித்திருத்தல் ஏன் முக்கியம் என்பதை அறிய பனோராமியோவின் கதை போதும். 2005இல் தொடங்கி, பயணிகளின் படங்களை அவை எடுக்கப்பட்ட இடத்திலேயே உலக வரைபடத்தில் பதித்துக் காட்டிய அருமையான தளம் அது. 2007இல் கூகுள் அதை வாங்கியது. 2016 நவம்பரில் அது மூடப்பட்டது. இன்னொரு படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கரும் 2018இல் இலவசக் கணக்குகளுக்கு 1000 படங்கள் என்ற வரம்பை அறிவித்தது. பொதுவகத்தில் உள்ள படங்களைத் திறந்த உரிமத்தின்படி எவரும் நகலெடுத்துப் பாதுகாக்கலாம் என்பதால், அவற்றின் ஆயுள் ஒரே நிறுவனத்தின் வணிக முடிவைச் சார்ந்திருப்பதில்லை.

பதிவேற்றும் முறைதான் இத்தளத்தின் உண்மையான சிறப்பு. ஒரே நேரத்தில் 50 படங்கள் வரை ஏற்றலாம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் பொருளுள்ள பெயர், விளக்கம், எடுத்த நாள், பகுப்பு (படம் எந்த வகையில் சேரும் என்ற குறிப்பு) ஆகியவற்றைத் தர வேண்டும். அவசரத்தில் இருப்பவருக்கு இது சுமையாகத் தெரியும். நான் இதைச் சுமையாகக் கருதவில்லை, ஏனெனில் இந்த விவரங்கள் இல்லாத படம் இடத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. நியூசிலாந்தின் கோயகோஹே கடற்கரையில் கிடக்கும் மோராக்கி உருண்டைப் பாறைகளை எடுத்துக்கொள்வோம். பழங்காலக் கடலடிச் சேற்றில் சுண்ணக் கனிமம் படிப்படியாக இறுகி உருவான அவை, கரையோரப் பாறைமேடு அலைகளால் அரிக்கப்படும்போது வெளிப்பட்டவை. சில ஏறத்தாழ 2 மீட்டர் குறுக்களவு கொண்டவை. அருகில் ஒரு மனிதர் நிற்காத படத்தில் அவை கூழாங்கற்களைப் போலவும் தோன்றலாம். ஓதம் ஏறியிருக்கும்போது பாதி மூழ்கிவிடும் என்பதால், நீர் வற்றிய வேளையில் எடுத்தது என்ற ஒரு வரி அடுத்துச் செல்பவருக்குப் பெரிய உதவி. பொதுவகத்தின் விளக்கக் கட்டம் இப்படிப்பட்ட ஒரு வரியை எழுதும்படி நம்மை நிறுத்திக் கேட்கிறது.

இடக்குறிப்பில் அது காட்டும் நுட்பத்தை வேறெந்தத் தளத்திலும் இந்த அளவுக்கு நான் கண்டதில்லை. கேமரா இருந்த இடம், படத்தில் தெரியும் பொருள் இருக்கும் இடம் என்று இரண்டையும் தனித்தனியே குறிக்கலாம். கேமரா எந்தத் திசையை நோக்கியிருந்தது என்பதையும் சேர்க்கலாம். ஜாவாத் தீவின் புரோமோ எரிமலையை முன்னாலும் செமேரு எரிமலையைப் பின்னாலும் காட்டும் புகழ்பெற்ற விடியற்காலைக் காட்சி, புரோமோவின் விளிம்பில் நிற்பவருக்குக் கிடைக்காது. அதற்குப் பெனாஞ்சாக்கான் என்னும் உயர்ந்த பார்வைமுனைக்கு ஏற வேண்டும். புரோமோ என்று மட்டும் குறித்த படம் அழகைக் காட்டும். நின்ற இடத்தையும் குறித்த படம் வழியையும் காட்டும்.

ஆண்ட்ராய்டு செயலியில் நான் மிகவும் விரும்பும் வசதி ஒன்று உண்டு. நம்மைச் சுற்றியுள்ள இடங்களை வரைபடத்தில் காட்டி, அவற்றில் எவற்றுக்கு இன்னும் படம் இல்லை என்பதையும் அது தெரிவிக்கிறது. எல்லாரும் எடுத்துச் சலித்த கோபுரத்தை விட்டுவிட்டு, ஒருவரும் படமெடுக்காத பாலத்தையோ சுனையையோ தேடிச் செல்ல அது தூண்டுகிறது.

இங்கே விருப்பக்குறிகளும் பின்தொடர்பவர்களும் கிடையாது. பாராட்டை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார். மாறாக, எந்தெந்த மொழி விக்கிப்பீடியாக்களில், எந்தெந்தக் கட்டுரைகளில் நம் படம் இடம்பெற்றுள்ளது என்ற பட்டியல் படத்தின் பக்கத்திலேயே இருக்கும். தமக்குத் தெரியாத மொழியில் எழுதும் ஒருவர் தம் படத்தைத் தேர்ந்து தம் கட்டுரையில் வைத்திருப்பதைக் காணும் மகிழ்ச்சி எண்ணிக்கைக்குள் அடங்காதது.

இனி விட்டுக்கொடுக்க வேண்டியவை. பொதுவகம் ஏற்கும் உரிமங்கள் வணிகப் பயன்பாட்டையும் மாற்றியமைப்பதையும் அனுமதிக்க வேண்டும். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை விதித்த படத்தை அது ஏற்பதில்லை. வழக்கமான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி, நம் பெயரைக் குறிப்பிட்டால் எவரும் நம் படத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்கலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. படங்களை விற்று வாழ்பவர்கள் தங்கள் சிறந்த படங்களை இங்கே ஏற்றும் முன் நன்கு ஆலோசிக்க வேண்டும். ஏனையோருக்கு இது நியாயமான ஏற்பாடு என்றே கருதுகிறேன்.

பயணிகளை வியப்பில் ஆழ்த்தும் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பொது இடத்தில் நிற்கும் கட்டடமும் சிற்பமும் அவற்றைப் படைத்தவரின் பதிப்புரிமைக்கு உட்பட்டவையாக இருக்கலாம். அவற்றைப் படமெடுத்து வெளியிடும் சுதந்திரம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரஸ்ஸல்ஸ் நகரில் 1958 உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட அட்டோமியத்தின் படங்களுக்கு, பெல்ஜியம் 2016இல் சட்டத்தைத் திருத்தும்வரை பொதுவகத்தில் இடம் இருக்கவில்லை. அமெரிக்காவில் கட்டடங்களுக்குத் தடையில்லை. ஆனால் அண்மைக்காலச் சிற்பங்களின் படங்கள் நீக்கப்படலாம். பாலைவனத்தின் நடுவே நிற்கும் வினோதமான சிலையைத் தேடிச் செல்பவர்கள் அந்தந்த நாட்டின் விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. இயற்கைக் காட்சிகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

குறைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது பகுப்புகள் ஆங்கிலத்திலேயே இருப்பது. விளக்கத்தைத் தமிழில் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் சரியான பகுப்பைக் கண்டுபிடிக்கப் புதியவர் திணறுவார். பக்கங்களின் தோற்றமும் பழையதாகவே இருக்கிறது. பொறுமையுடன் பழகினால் இவை தடையாகாது.

ஒன்றில் மட்டும் பயனரே விழிப்பாக இருக்க வேண்டும். கைபேசி படத்துக்குள் பதித்துவைக்கும் இட ஆயத்தொலைகளை (இடத்தைத் துல்லியமாகக் குறிக்கும் எண்களை) பதிவேற்றப் பக்கம் தானாகவே எடுத்துக்கொள்ளும். இடம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் கூட்டமும் சேதமும் பின்தொடரலாம். தாய்லாந்தின் மாயா கடற்குடாவில் கூட்டம் பெருகிப் பவளப்பாறைகள் சிதைந்ததால் அது 2018இல் மூடப்பட்டு, 2022 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. கடற்குடாவுக்குக் காவலர்களும் விதிகளும் உண்டு. ஆளற்ற குகையின் பாறை ஓவியத்துக்கோ அரிய பறவையின் கூட்டுக்கோ அவை இல்லை. அப்படிப்பட்ட படங்களில் ஆயத்தொலைகளைப் பதிவேற்றும் முன்பே கோப்பிலிருந்து நீக்கிவிட்டு, விளக்கத்தில் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏற்றிய பின் பக்கத்தில் உள்ள குறிப்பை மட்டும் அழித்தால் போதாது. மூலக் கோப்பைத் தரவிறக்குபவருக்கு அந்த எண்கள் அப்படியே கிடைக்கும்.