ஊட்டியில் பழைய படங்களை ஸ்கேன் செய்து தரும் ஸ்டுடியோ: முகம் கிடைக்கும், பெயரைக் கேட்டு வாங்குங்கள்

சேரிங் கிராஸ் பக்கம் மாடியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. வீட்டுப் பரணில் கிடக்கும் ஃபோட்டோக்கள், நெகட்டிவ்கள், கண்ணாடி போட்ட ஃபிரேம்கள் எதைக் கொண்டுபோனாலும் ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள். கை சுத்தமான வேலை, விலையும் நியாயம். பிரிண்ட் ஒன்றுக்கு 30 ரூபாய், நெகட்டிவ் ஒரு ஃபிரேமுக்கு 25. ஆனால் வாய் திறந்து கேட்காவிட்டால் இரண்டு விஷயம் கை நழுவும். ஒன்று படத்தின் பின்பக்கம், இன்னொன்று முகத்தின் உண்மை.

இந்த ஊரில் இப்படி ஒரு கடைக்கு வேலை ஏராளம். 1960-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இங்கேதான் இருந்தது. குளிர்ந்த, தூசி குறைந்த காற்று ஃபிலிம் தயாரிக்க ஏற்றது. 1967-ல் உற்பத்தி தொடங்கி, நிலாவைக் குறிக்கும் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பிரிண்ட் பேப்பரும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்து போயின. இந்து நகர் அந்தப் பெயரில் எழுந்த குடியிருப்பு. டிஜிட்டல் கேமரா வந்ததும் ஃபிலிமுக்கு இடமில்லாமல் போயிற்று. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தையே வளர்த்த கோடாக் கம்பெனிகூட 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. நம் ஃபேக்டரியும் நின்றுவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் என்று கீழே இறங்கிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு போனதும் விட்டுவிட்டுப் போனதும் படங்கள்தான்: ஆயுத பூஜை, குவார்ட்டர்ஸ் கல்யாணம், ரிட்டயர்மென்ட் அன்று மாலையோடு எடுத்த குரூப் ஃபோட்டோ. இருட்டறையில் ஃபிலிம் பூசி, வெட்டி, பெட்டியில் அடைத்த கைகள் அந்தப் படங்களில் வெளிச்சத்தில் நிற்கின்றன. யார் யார் என்று சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் இதே நிலைமைதான்.

ஸ்டுடியோவில் முதலில் மெச்ச வேண்டியது ஸ்கேனர். லென்ஸ் வழியே படத்தைப் பிடிக்கும் சிசிடி வகை ஃபிளாட்பெட் (கண்ணாடிமேல் படத்தைக் கவிழ்த்துவைக்கும் மெஷின்), மேல் மூடியில் நெகட்டிவுக்கான விளக்கும் உண்டு. ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் தட்டையான சிஐஎஸ் ஸ்கேனரில், கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும் பொருள் மட்டுமே தெளிவாக விழும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே மங்கிவிடும், சிசிடியில் அப்படி மங்காது. மலையில் இந்த வித்தியாசம் பெரியது. மழைக்கால ஈரத்தில், படம் பதிந்திருக்கும் மேல்பூச்சான ஜெலட்டின் இளகி ஃபிரேம் கண்ணாடியோடு அப்பிக்கொள்ளும். அதைப் பிரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், காகிதம் மட்டும் கையில் வரும். இந்தக் கடையில் பிரிப்பதில்லை. பின் அட்டையை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே கவிழ்த்து ஸ்கேன் செய்கிறார்கள். அதற்கு 100 ரூபாய். கொடுக்கலாம்.

எவ்வளவு டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, என்று அவர்களே கேட்பார்கள். "சாதாரணமா 300 போதும்" என்பார்கள். போதாது. ஃபுல் பிளேட் குரூப் ஃபோட்டோ ஆறரைக்கு எட்டரை அங்குலம். அறுபது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலம்தான். 300 டிபிஐயில் அந்த முகம் 59 பிக்சல், பெரிதாக்கினால் கண்ணும் மீசையும் ஒன்றாகக் குழம்பும். 600-ல் 118 பிக்சல். பெரியவர் ஒருவர் டிவியில் பார்த்து "இது நம்ம கன்டீன்காரர்" என்று சொல்லிவிடலாம். 1200-க்குப் போனால் முகத்துக்கு 236 பிக்சல் கிடைக்கும், ஆனால் ஃபைல் 240 எம்பியை நெருங்கும். 600-ல் சுமார் 60 எம்பி. ஆகவே குரூப் ஃபோட்டோவுக்கு மட்டும் 1200, மற்றதுக்கு 600 என்று எழுதிக் கொடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பழுப்புக் கறை எது, மை எது என்று பிறகு பிரித்தறிய அதுதான் உதவும். ஃபைல், விவரம் இழக்காத டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். அளவு சிறிய ஜேபெக் (JPEG) காப்பி கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம்.

நெகட்டிவில் இரண்டு தவறு நடக்கிறது. தூசியைத் தானாக அழிக்கும் இன்ஃப்ராரெட் வசதி கலர் நெகட்டிவுக்கு நன்றாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள்தான். வெள்ளியும் தூசியைப் போலவே இன்ஃப்ராரெட் ஒளியை மறித்துவிடுவதால், மெஷின் முகத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். கன்னத்தில் மெழுகு பூசினாற்போல் இருந்தால் அந்த வசதி ஆனில் இருந்திருக்கிறது, திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும். அடுத்தது நெகட்டிவைப் புரட்டிப் போட்டுவிடுவது. ஓரத்து எண்களும் எழுத்தும் நேராகப் படிக்கிற மாதிரி, பளபளப்பான பக்கம் நம்மைப் பார்த்திருப்பதே சரியான நிலை. படம் கையில் வந்ததும் முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது, ஆண்களின் சட்டைப் பாக்கெட் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முந்தானை வலது தோளிலும் பாக்கெட் வலது மார்பிலும் இருந்தால் படம் கண்ணாடி பார்த்த மாதிரி திரும்பிவிட்டது. பின்னால் கடை போர்டு இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பழைய பாக்ஸ் கேமராக்களின் 120 ஃபிலிம் நெகட்டிவ் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் அகலம் வரும். அதற்கு 2400 டிபிஐ தாராளம்.

முகத்தின் உண்மை என்றேனே, அது இங்கே. "எஃபெக்ட் போட்டுத் தருகிறோம், இலவசம்" என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். மங்கிய முகத்தை கம்ப்யூட்டர் தெளிவாக்கித் தரும். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அந்தக் கண்ணும் உதடும் மெஷின் ஊகித்து வரைந்தவை. அம்மைத் தழும்பு போய்விடும், தெற்றுப்பல் நேராகிவிடும், பாட்டி வேறு யாரோ ஆகிவிடுவாள். அடையாளம் சொல்லக் கூடியவரிடம் இந்தப் படத்தைக் காட்டினால் "தெரியலையே" என்றுதான் சொல்வார். எதுவும் தொடாத ஸ்கேன் முதலில் வேண்டும் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இனி பின்பக்கம். ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப், தேதி, "எங்கள் செக்‌ஷன்" என்று யாரோ பென்சிலில் கிறுக்கியது எல்லாம் அங்கேதான் இருக்கும். கடையில் முன்பக்கத்தை மட்டுமே எடுக்கிறார்கள். கேட்டால் பின்பக்கத்துக்கும் அதே 30 ரூபாய் கேட்கிறார்கள். இது எங்களுக்கு ஒப்பவில்லை. பின்பக்கத்தை 300 டிபிஐயில் எடுத்தால் போதும், அரை நிமிட வேலை. கட்டணத்தைக் குறைக்கவாவது வேண்டும். அதுவரைக்கும் எழுத்து உள்ள படத்தைப் பொறுக்கி, அவற்றுக்கு மட்டும் பின்பக்கமும் கேட்டு வாங்குங்கள். ஃபைல் பெயரும் அப்படியே: அவர்கள் 001, 002 என்று போட்டுத் தருவதில் முன்பக்கமும் பின்பக்கமும் பிரிந்துபோகும். 014-மு, 014-பி என்று வைக்கச் சொன்னால் மறுக்காமல் செய்கிறார்கள்.

பெயர் சேர்ப்பது வீட்டு வேலை, கடைக்காரர் செய்து தர முடியாது. குரூப் ஃபோட்டோவை ஏ4 தாளில் வெளிறலாக ஒரு பிரிண்ட் போட்டு, மேல் வரிசையிலிருந்து இடமிருந்து வலமாக ஒவ்வொரு தலைமேலும் எண் எழுதுங்கள். தனித் தாளில் எண்ணுக்கு நேராகப் பெயர், வேலை, ஊர். "சொன்னவர் யார்" என்று ஒரு கட்டமும் இருக்கட்டும். இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்வார்கள், இரண்டையும் எழுதி வையுங்கள். பட்டப்பெயரை விட்டுவிடாதீர்கள், பல பேருக்கு அதுதான் ஞாபகத்தில் நிற்கும் பெயர். நின்றவர்களை மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், தரையில் உட்கார்ந்த பிள்ளைகளையும் ஓரத்தில் டீ கிளாஸோடு பாதி தெரிகிறவரையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், ஃபோட்டோவாக அனுப்பினால் சுருங்கிப்போகும்.

அசல் படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முகத்தில் பள்ளமாக விழும். காகிதப் பின்புறம் என்றால் மென்மையான பென்சில். பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருந்தால் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதிவிட்டு பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

கொண்டுபோகும் முன் கவனிக்க வேண்டியது பூசணம். ஈரத்துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள். பூசணம் பிடித்த ஜெலட்டின் தண்ணீரில் கரையும்; ஒரு துடைப்பில் தலை போய்விடும். ஈரம் இல்லாத நாளில் விரித்துவைத்து, காய்ந்த பிறகு மிருதுவான தூரிகையால் வெளியே தட்டிவிட்டாலே போதும். பசை ஷீட் ஆல்பத்தில் ஒட்டிய படத்தை நகத்தால் கிள்ளாமல், பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தெடுக்க வேண்டும். வரவில்லையென்றால் பக்கத்தோடு கொடுத்துவிடுங்கள், அப்படியே ஸ்கேன் செய்து தருகிறார்கள்.

ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, அப்புறம் ஐப்பசி மழையில், பை நனையாமல் மாடிப்படி ஏறுவது கஷ்டம். தை, மாசி நல்ல காலம்; கடையிலும் கூட்டம் குறைவு, நூறு படத்துக்கு நாலைந்து நாள் ஆகிறது. மொத்தத்தையும் ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போகாமல், அடையாளம் சொல்லக்கூடியவர்களில் வயது முதிர்ந்தவர் யாரோ அவருக்குத் தெரிந்த படங்களை முதல் கட்டாகக் கட்டிக் கொடுங்கள். மேலே ஏறும்போது பின்பக்கம் வேண்டும், குரூப் ஃபோட்டோவுக்கு 1200, எஃபெக்ட் வேண்டாம் என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அந்தக் கட்டின் மேல் ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால், கவுன்டரில் யார் இருந்தாலும் தவறு நடக்காது.