சேப்பாக்கம் கேலரியா, கையில் இருக்கும் மொபைலா?

ஐபிஎல் வந்தாலே நண்பர்கள் கேட்பது இதைத்தான்.

செலவு: கேலரி என்றால் டிக்கெட், பயணம், சாப்பாடு. மொபைலுக்கு டேட்டாவும் சந்தாவும் போதும். 2023-இல் ஜியோசினிமா முழுத் தொடரையும் இலவசமாகவே காட்டியது.

வேகம்: மொபைலில் நேரலை சில நொடிகள் பிந்தித்தான் வரும். பக்கத்து வீட்டு டிவி சத்தமே விக்கெட் விழுந்ததைச் சொல்லிவிடும்; எனக்கு அது பெரிய இழப்பு. கேலரியிலோ பந்தும் ஆரவாரமும் ஒரே நொடியில்.

விவரம்: இதில் மொபைல்தான். தமிழ் வர்ணனை, ரீப்ளே எல்லாம் உண்டு. கேலரியில் மொபைலை எடுத்தால், கூட்டத்தில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆட்ட நுணுக்கம் கற்பவருக்கு மொபைல் சரி. முதல் ஆட்டம் பார்க்கப்போகும் பிள்ளையை மட்டும் யோசிக்காமல் சேப்பாக்கம் கூட்டிப் போங்கள். அப்புறம், மொபைலில் டிக்கெட் வைத்திருந்தால் சார்ஜ் முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள்.