வறண்ட தென்மேற்கா, தோப்புப் பட்டையா? சஸ்காச்சுவானின் இரண்டு நாட்டுப்புறங்கள்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தைப் பற்றிக் கேட்டால் பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: தட்டையான நிலம், நேரான சாலை, முடிவே இல்லாத கோதுமை. நெடுஞ்சாலை 1-ஐப் பிடித்து ஒரே மூச்சில் கடந்து போனவர்களுக்கு வேறு எதுவும் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் மாகாணத்தின் தென்பாதிக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு நாட்டுப்புறங்கள் இருக்கின்றன. ஒன்று, சுவிஃப்ட் கரண்ட், மேப்பிள் கிரீக், வால் மேரி ஊர்களைக் கொண்ட வறண்ட தென்மேற்கு. மற்றொன்று, யார்க்டனில் தொடங்கி வடமேற்காக பிரின்ஸ் ஆல்பர்ட் பக்கம் வளைந்து போகும் தோப்புப் பட்டை. ஒரு பயணத்தில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால் நான் தென்மேற்கைச் சொல்வேன். எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாம் தண்ணீரில் தொடங்குகிறது. தென்மேற்கில் மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர்தான் தேறும். அதிலும் ஒரு பெரும் பங்கைக் காற்று குடித்துவிடும். மண் பழுப்பு, புல் குட்டை, மரம் என்றால் ஓடைக்கரையில் மட்டும். வடக்கே போகப் போக மண் கறுக்கிறது, ஆஸ்பென் மரக் கூட்டங்கள் வயல்களுக்கு நடுவே தீவு தீவாக நிற்கின்றன, பள்ளங்களில் குட்டைகள் தேங்கி வாத்துகள் இறங்குகின்றன. ஜூலையில் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் பூத்தால் தோப்புப் பட்டை முழுவதும் மஞ்சள். தென்மேற்கில் டியூரம் கோதுமை, மாடு, பருப்பு. நம் கடைகளில் மைசூர் பருப்பு என்று விற்கும் சிவப்புப் பருப்பில் கணிசமான பங்கு இந்த மாகாணத்து வறண்ட வயல்களில் விளைந்ததுதான்.

நிலத்தை அளந்த விதம் மட்டும் இரண்டுக்கும் பொது. 6 மைலுக்கு 6 மைல் என்று கட்டம் போட்டு, அதை 36 துண்டாக்கி, ஒரு துண்டின் கால் பங்கான 160 ஏக்கரை 10 டாலர் கட்டணத்துக்குக் குடியேறிகளுக்குக் கொடுத்தது 1872-ஆம் ஆண்டுச் சட்டம். பூமி உருண்டை, கட்டமோ சதுரம். அதனால் வடக்கு நோக்கிப் போகும் சாலை 24 மைலுக்கு ஒருமுறை சட்டென்று பக்கவாட்டில் விலகி, மறுபடி நேராகிறது. கறுப்பு மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்தைத் தாங்கியது. பழுப்பு மண்ணில் தாங்கவில்லை. அந்த ஒரு வேறுபாடே ஊர்களின் இடைவெளியையும், அக்கம்பக்கத்து உறவையும், பின்னாளில் அரசியலையும் தீர்மானித்தது.

தோப்புப் பட்டையின் பலம் அதன் மக்கள். அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த கலீசியாவிலிருந்து வந்த உக்ரைனியர்கள் திறந்த புல்வெளியைத் தாண்டிப் போய், மரம் இருக்கும் நிலமாகத் தேடிப் பிடித்தார்கள். ஊரில் விறகுக்கும் வீட்டுக்கும் நிலவுடைமையாளரின் தயவை எதிர்பார்த்து நின்றவர்கள் வேறென்ன செய்வார்கள்? மரக்கட்டைச் சுவர் எழுப்பி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் பிசைந்து பூசி, வெள்ளையடித்து, கூரை வேய்ந்தார்கள். அந்தப் பூச்சைப் பற்றிப் படிக்கும் தமிழருக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது. கனோராவில் ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்கும் உக்ரைனியப் பெண்ணின் பெரிய சிலை இருக்கிறது. சிற்றூர்களில் வெங்காய வடிவக் கோபுரத் தேவாலயங்கள் நிற்கின்றன.

அதே பக்கத்தில்தான் டுக்கோபார்களின் கதையும் நடந்தது. போரையும் சத்தியப் பிரமாணத்தையும் ஏற்காத இந்த ரஷ்யக் கிறித்தவர்கள் 1899-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோராக வந்து பொதுவுடைமைக் கிராமங்கள் அமைத்தார்கள். ஆண்கள் கூலி வேலைக்குப் போயிருக்க, உழவு மாடு போதாமல் பெண்களே ஏர் இழுத்தார்கள். தனித்தனிப் பெயரில் நிலத்தைப் பதிந்து பிரமாணம் எடுக்க மறுத்ததால் 1907-இல் அரசு பெரும்பகுதி நிலத்தைப் பறித்தது; பலர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்விட்டார்கள். வெரிஜின் ஊரில் அவர்களது வழிபாட்டு இல்லம் மிஞ்சியிருக்கிறது. மேற்கே பட்டோஷில், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு வழியினரான மேட்டி மக்கள் ஆற்றிலிருந்து நீள நீளமாகக் கிழித்த நிலத்துண்டுகள் அரசின் சதுரக் கட்டத்துக்கு அடங்காமல் நின்றன. 1885-இல் அரசுக்கு எதிராக மேட்டிகள் நடத்திய எழுச்சியின் காரணங்களில் அதுவும் ஒன்று.

இத்தனையும் இருந்தும் தென்மேற்குக்கு ஏன் என் வாக்கு? அங்கே மனிதர்கள் தோற்றதும் நிமிர்ந்ததும் நிலத்தின் மேலேயே தெரிகிறது. 1857 முதல் 1860 வரை ஆய்வுப் பயணம் செய்த ஜான் பாலிசர், முக்கோண வடிவில் கிடக்கும் இந்த வறண்ட நிலம் உழவுக்கு ஆகாது என்று எழுதினார். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் வந்த தாவரவியலாளர் ஜான் மக்கூன் ஆகும் என்றார். அரசு யார் பேச்சைக் கேட்டது என்பதைச் சொல்லவே வேண்டாம். 1906-07 கடுங்குளிரில் மாட்டுப் பண்ணைகள் அழிய, 1908-க்குப் பிறகு உழவர்கள் குவிந்தார்கள். 1930-களில் மண் பறந்தது. 1937-இல் மாகாணத்தின் சராசரிக் கோதுமை விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷல்கூட (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ) இல்லை. பெட்ரோலுக்குக் காசில்லாமல் காரில் குதிரையைப் பூட்டி ஓட்டினார்கள். 1930 முதல் 1935 வரை பிரதமராக இருந்த பென்னட்டின் பெயரால் அதற்கு 'பென்னட் வண்டி' என்று பட்டம். ஆயிரக்கணக்கானோர் வடக்கே தோப்பும் காடும் இருந்த பக்கம் பெயர்ந்தார்கள்.

இருந்தவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியம். 1946 ஜூலையில் சுவிஃப்ட் கரண்ட் வட்டாரத்தில் நகராட்சிகள் கூடி, தலைவரியும் சொத்துவரியும் வசூலித்து, எல்லோருக்கும் மருத்துவரும் மருத்துவமனையும் கிடைக்கும் திட்டத்தை நடத்தத் தொடங்கின. மாகாணம் முழுமைக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது 1962-இல். நாட்டுக்குச் சட்டம் 1966-இல். கனடியர் இன்று பெருமையடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஒத்திகை நடந்தது, மழையை நம்ப முடியாத இந்த ஊர்களில்தான். அதே மாகாணம் 1993-இல் 52 சிற்றூர் மருத்துவமனைகளை மூடியது அல்லது மாற்றியது என்பது கசப்பான பின்குறிப்பு.

தென்மேற்கின் பழைய கணக்குகளும் கொஞ்சமல்ல. சைப்ரஸ் குன்றுகளில் இருந்த கிரீ பூர்வகுடி மக்களை, அவர்கள் வேட்டையாடி வாழ்ந்த காட்டெருமை (பைசன்) அழிந்த பின், உணவுப்பங்கை நிறுத்தி அரசு வடக்கே விரட்டியது. அவர்களில் நெக்கனீட் குழுவினர் போகாமல் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு ஒதுக்கு நிலம் கிடைத்தது 1913-இல்தான். காட்டெருமைகள் 2005-இல் வால் மேரி அருகே கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டன.

குடும்பத்தோடு குடியேறி வாழ்வதற்கு என்றால் தோப்புப் பட்டையே மேல்: ஊர்கள் நெருக்கம், மண் வளம், காற்றுக்கு மறைப்பு. பார்க்கப் போகிறவர்களுக்குத் தென்மேற்கு. போனால் வால் மேரியில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், மழை பெய்தால் மண் சாலையில் வண்டியை இறக்காதீர்கள். அங்குள்ள களிமண் நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. இழுத்துவிட ஆள் வருவதற்கும் நேரமாகும்.