போச்சம்பள்ளி பக்கம் ஜோடியாகத் தங்கி வேலை செய்ய ஒரு மாந்தோப்பு: வேலைக்கு முழு மார்க், அறைக்குப் பாதி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளிக்கும் சந்தூருக்கும் நடுவில் 8 ஏக்கர் இயற்கை மாந்தோப்பு. பெரும்பகுதி பெங்களூரா, அடுத்து நீலம், ஓரத்தில் கொஞ்சம் செந்தூராவும் மல்கோவாவும். ஊர் சுற்றும் ஜோடிகளைக் குறைந்தது 10 நாள் தங்கவைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 மணி நேர வேலை, வாரத்துக்கு 6 நாள். அதற்கு ஈடாக அறையும் மூன்று வேளைச் சாப்பாடும். சம்பளம் இல்லை, நம்மிடம் கட்டணமும் வாங்குவதில்லை. காலை 6 முதல் 9 வரை, பிறகு மாலை 3.30 முதல் 5.30 வரை; நடுவில் வெயில் நேரம் நம்முடையது.

போவதென்றால் ஜூனில் போங்கள். செந்தூரா மே மாதத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிடும், பெங்களூரா ஜூனில் உச்சம், நீலம் கடைசியாக ஜூலை வரை வரும். ஆகஸ்டுக்கு மேல் போனால் கவாத்தும் களையும்தான். அதுவும் வேலைதான், ஆனால் இந்தத் தோப்பின் விசேஷம் காய் பறிப்பில் இருக்கிறது.

தொரட்டி நுனியில் சின்னக் கத்தி, அதன் கீழே வலைப்பை. காயை வலைக்குள் வாங்கி இழுக்கக் கூடாது. காம்பைக் கத்தியில் கொடுத்துச் சுண்ட வேண்டும். நாலு விரற்கடை காம்பு காயோடு வந்தால் பால் அடங்கியிருக்கும். காம்பு அடியோடு பிய்ந்தால் பால் பீச்சி அடிக்கும். அந்த முதல் சில விநாடிப் பால்தான் பொல்லாதது, பின்னால் கசிவது அவ்வளவு சுடாது. காயின் தோலில் பட்ட உடனே ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த நாளில் காம்படியிலிருந்து மெழுகு வழிந்த மாதிரி கருப்புக் கோடு இறங்கியிருக்கும். உள்ளே பழம் நன்றாகவே இருந்தாலும் மண்டியில் அது கழிசல்.

கொட்டகையில் மரச்சட்டம் அடித்து வைத்திருக்கிறார்கள். காம்பை அரை அங்குலம் விட்டு நறுக்கி, காயைத் தலைகீழாகச் சட்டத்தில் நிறுத்தினால் பால் காயின் மேல் வழியாமல் நேரே தரையில் சொட்டும். அரை மணி முதல் ஒரு மணி வரை இப்படி. மண்ணில் கவிழ்த்து வைக்கும் தோப்புகளும் உண்டு. வெட்டுவாயில் மண் ஒட்டி, பழுக்கும்போது காம்படியிலிருந்து அழுகல் தொடங்கும். இங்கே அந்தத் தவறு இல்லை.

முற்றல் பார்ப்பதையும் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்கள். காம்பைச் சுற்றித் தோள் புடைத்து எழும்பியிருந்தால் பறிக்கலாம். சந்தேகக் காயை வாளித் தண்ணீரில் போட்டால் முற்றியது மூழ்கும், இளசு மிதக்கும். மிதந்ததைப் பழுக்கவைத்தால் தோல் சுருங்குமே தவிர இனிப்பு ஏறாது.

கையுறை தோப்பில் கிடையாது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். கைக்குத் தேங்காய் எண்ணெய், மேலே முழுக்கைச் சட்டை. மா, முந்திரிக் குடும்பத்து மரம். முந்திரிக்கொட்டைப் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாம்பாலும் கொப்புளம் போடலாம். அப்படிப்பட்டவர் ஜோடியில் ஒருவராக இருந்தால் போகும் முன்பே சொல்லி வேறு வேலை கேளுங்கள். மரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டியிருக்கும் முசுறு எறும்பையும் பார்த்துக் கொள்ளுங்கள். தொரட்டி பட்டுக் கூடு கலைந்தால் கழி வழியாகவே இறங்கி வரும்.

ஜோடிகளுக்கு என்று ஒரு குறை உண்டு. கேட்காமலே ஆணின் கையில் தொரட்டியைக் கொடுத்து, பெண்ணைக் கொட்டகையில் தரம் பிரிக்க உட்கார வைத்துவிடுகிறார்கள். 10 நாள் கழித்து ஒருவர் பறிப்பையும் மற்றவர் பிரிப்பையும் மட்டும் கற்றுத் திரும்புவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக் கேட்டால் மறுப்பதில்லை. முதல் நாளே கேட்க வேண்டும், பாதியில் கேட்டால் முகம் சுளிப்பு. இரண்டு பேருக்கும் ஆதார் நகல் வாங்கிக்கொள்கிறார்கள். திருமணமாகாத ஜோடி என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு விளக்கம் சொல்வது யாருக்கும் நன்றாக இராது.

அறை சுமார்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜூன் மதியத்தில் உள்ளே இருக்க முடியாது. இரண்டு ஒற்றைக் கட்டிலை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள், கொசுவலை ஒற்றைக் கட்டில் அளவுக்குத்தான். கழிவறை தள்ளி இருக்கிறது, வழியில் விளக்கு இல்லை, டார்ச் கட்டாயம். சாப்பாட்டில் குறையே இல்லை: களி, கொள்ளுக் கடைசல், கீரை, சில நாள் சாமைச் சோறு.

ஜீவாமிர்தம் என்னும் சாணக் கரைசல் உரத்தை வாரம் ஒருமுறை போடுகிறார்கள்: 200 லிட்டர் தண்ணீருக்கு நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம், வரப்பு மண் ஒரு பிடி. நிழலில் வைத்து, இறுக மூடாமல் சாக்கு போட்டு, காலையும் மாலையும் கலக்கி 48 மணி நேரம். வடிகட்டாமல் சொட்டுநீரில் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். இங்கே இரண்டு முறை துணியில் வடிக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தவர்கள் பழ ஈ விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். விழுந்த காய்களைத் தினமும் பொறுக்கச் சொல்கிறார்கள், சரி. பொறுக்கியதைத் திறந்த குப்பைக் குழியில் கொட்டுகிறார்கள். காய்க்குள் இருக்கும் புழு வெளியே வந்து மண்ணில் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பவும் தோப்புக்கே வரும். இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும், இல்லையென்றால் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட வேண்டும். மரத்தில் தொங்கும் மீத்தைல் யூஜினால் பொறி ஆண் ஈயை மட்டுமே இழுக்கும். குழியை அப்படியே விட்டுவிட்டுப் பொறியை எண்ணிப் பயனில்லை.

‘இயற்கை’ என்று எழுதியிருக்கும் எந்தத் தோப்பிலும் சான்றிதழைக் கேளுங்கள். மா போன்ற பல்லாண்டுப் பயிருக்கு, ரசாயனத்தை விட்டு முழு இயற்கைச் சான்றிதழ் பெறும் வரையான மாறுதல் காலம் 3 ஆண்டு. இங்கே மூன்றாம் ஆண்டு நடக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறார்கள்.

கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை. ரயிலில் வருபவர்கள் ஓசூரிலோ தருமபுரியிலோ ஜோலார்பேட்டையிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து போச்சம்பள்ளிக்கு பஸ் உண்டு. பெண்களுக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் கிடைத்தால் ஜோடிக்கு ஒரு டிக்கெட்தான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாகக் கேட்டு வாங்குங்கள், அன்றுதான் போச்சம்பள்ளிச் சந்தை.

கிளம்பும்போது ஒரு பெட்டி நீலம் கையில் கொடுக்கிறார்கள், காயாகத்தான். வீட்டில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, மேலேயும் வைக்கோல் போட்டால் ஒரு வாரத்தில் பழுக்கும். தினமும் ஒருமுறை புரட்டி, கசிந்ததை எடுத்துவிடுங்கள். வரும் வழியில் கார் டிக்கியில் வைத்து மூடாதீர்கள், சேலம் போவதற்குள் வெந்துவிடும்.