ஹாலே நகரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகுமுன் இதைப் படியுங்கள்

ஜேர்மனியில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். கடந்த இலையுதிர்கால விடுமுறையில் 26 பிள்ளைகளோடு பெரியவர்கள் நான்கு பேர் ஹாலே நகரத்துக்குப் போனோம். பயணத்தை ஒழுங்கு செய்தவர் எங்கள் ஆள்தானே என்று நம்பி ஏமாந்தோம்.

ஹாலேயைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே படித்த ஜேர்மன் மதபோதகர் சீகன்பால்க்தான் 1706 இல் தரங்கம்பாடியில் போய் இறங்கினார். அவருடைய கிறிஸ்தவ மிஷன் வழியாக வந்து சேர்ந்த தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலேயிலுள்ள பிராங்கே அறநிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடி அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் இதே ஊர்தான். இங்கே பிறந்து வளரும் பிள்ளைகள், தங்கள் மொழி 300 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணுக்கு வந்துவிட்டதைக் கண்ணால் காண வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆளுக்கு 145 யூரோ, மொத்தம் 4,350 யூரோ. பேருந்து, ஓரிரவுத் தங்கல், நுழைவுச்சீட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். "அக்கா, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் சுவடி பார்க்கலாம், பதிந்தாயிற்று" என்றார் ஒழுங்கு செய்தவர்.

ஞாயிறு பகல் நன்றாகவே போனது. சந்தைச் சதுக்கத்தில் தேவாலயத்தின் நான்கு கோபுரங்களையும் தனியே நிற்கும் செங்கோபுரத்தையும் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்கள். இரவில் விடுதிக்குப் போனால், பாதிப் பணம்தான் கட்டியிருக்கிறது, மீதி 780 யூரோ தந்தால்தான் சாவி என்றார்கள். அவருடைய தொலைபேசி அணைந்து கிடந்தது. சின்னப் பிள்ளைகள் பெட்டிகளின்மேல் சாய்ந்து தூங்க, பெரியவர்கள் நாலு பேரும் கையிலிருந்ததைச் சேர்த்துக் கட்டினோம்.

திங்கள் காலை கதவு பூட்டியிருந்தது. பிராங்கே அறநிறுவனத்தின் அருங்காட்சியகம் திறப்பது செவ்வாய் முதல் ஞாயிறு வரைதான். அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டேன். எங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையொன்று, "எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடாதா?" என்று கேட்பதற்காகக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். அதைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். பணம் போனதைவிட அதுதான் என்னை இன்னும் வருத்துகிறது.

நான் கேட்கத் தவறியவற்றை நீங்கள் கேளுங்கள். பயணமும் தங்கலும் சேர்த்து விற்பவர், முற்பணம் வாங்குமுன் 'ஸிஹருங்ஸ்ஷைன்' என்ற காப்புறுதிச் சான்றிதழைத் தர வேண்டும் என்பது ஜேர்மன் சட்டம். அதைத் தரச் சுணங்குபவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்த பற்றுச்சீட்டில் முகவரியும் இல்லை, வரி இலக்கமும் இல்லை. கணக்கோ வேறொரு நாட்டு வங்கியில், தனிநபர் பெயரில் இருந்தது. உடனடிப் பரிமாற்றமாக அனுப்பிவிட்டதால் வங்கியாலும் திருப்பி எடுக்க முடியவில்லை. அருங்காட்சியகம், காப்பகம், விடுதி மூன்றுக்கும் நீங்களே நேரடியாக எழுதி, உறுதிப்படுத்திய பதிலை வாங்கி வைத்திருங்கள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதே ஆள் இப்போது ஈஸ்டர் விடுமுறைக்கு வைமார் நகரத்துக்குப் போவதாக வாட்ஸ்அப்பில் பாடசாலைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் நாளைவரை காத்திருக்காமல் இன்றே வங்கிக்கு அழையுங்கள்.